கயிலைக்கு உத்தரவு

திருச்சிற்றம்பலம்



தாம்பரத்தை அடுத்த திருக்கோயில் ஒன்றில் விழா நாள்களில் நாம் திருத்தொண்டர் புராணத் தொடர் விரிவுரை நிகழ்த்தி வந்தபோது, அப்பரடிகளின் கயிலை யாத்திரையைச் சொல்லி முடித்த இரவில், மீனம்பாக்கம் விமான நிலையத்தில் பணிபுரியும் இளைஞர் ஒருவர் எழுந்து ஒரு வினா விடுத்தார். "ஐயா! இமயமலையில் வெளிநாட்டார் பணம் கட்டி உத்தரவு பெற்றுக்கொண்டு சிகரம் சிகரமாக ஏறுகிறார்கள். கயிலையின் உச்சியில் மட்டும் எவரும் ஏறியதில்லை என்று சொல்கிறார்கள். அங்கே உத்தரவு கொடுப்பது யார்? சர்க்காரா, சாமியா?" என்று கேட்டார். கூட்டத்தில் சிலர் நகைத்தனர். நமக்கு நகைப்பு வரவில்லை. அன்று நேரம் கடந்துவிட்டமையால், "நாளை சொல்வோம், தம்பி" என்று முடித்துக்கொண்டோம். மறுநாள் சொன்னதும், அதன்பின் தேடிப் படித்துச் சேர்த்ததுமே இக்கட்டுரை.

அந்தத் தம்பி எடுத்த சொல் நல்ல சொல். பெரியோர் இல்லத்திலிருந்து புறப்படும்போது "உத்தரவு வாங்கிக்கொள்கிறேன்" என்கிறோம். காங்கேயத்தை அடுத்த சிவன்மலையில் முருகப்பெருமான் அடியார் கனவில் வந்து குறித்த பொருளை வைத்துப் பூசிக்கும் பெட்டிக்கு உத்தரவுப் பெட்டி என்றே பெயர். வட்டாட்சியர் அலுவலகத்தில் முத்திரை குத்திக் கொடுப்பதும் உத்தரவுதான். ஒரே சொல்லுக்குள் ஆண்டவனும் அரசும் நெருக்கிக்கொண்டு அமர்ந்திருக்கின்றனர். மலையின் வரலாற்றிலும் அவ்வாறே.

முதலில் நம் சேக்கிழார் பெருமானைக் கேட்போம். அவர் தொலைவில் உள்ளவர் அல்லர். பல்லாவரத்திலிருந்து பேருந்தில் ஏறினால் அவர் அவதரித்த குன்றத்தூருக்குப் போய்விடலாம். சோழப் பேரரசின் அமைச்சராக இருந்து ஆணை ஓலைகளின் நடைமுறையெல்லாம் அறிந்த அப்பெருமான், கயிலைக்குச் சென்றவர்களைப் பற்றிச் சொல்லும்போது, எவர் எவ்வாறு அனுமதி பெற்றார் என்பதைக் கவனமாகவே சொல்லிச் செல்கிறார். காரைக்காலம்மையார் அம்மலையைக் காலால் மிதிக்க அஞ்சித் தலையாலே நடந்து ஏறினார். அவரைப் பெருமான் "அம்மையே" என்று எதிர்கொண்டழைத்தான். அப்பரடிகளோ காலால் நடந்து, கால் தேய்ந்தபின் கையால் தவழ்ந்து, அதுவும் இயலாமல் மார்பால் உந்தி, உடல் புரண்டு சென்றார். அவரைத் திரும்பிப் போகுமாறு பணித்தான். வேண்டிய காட்சியைத் திருவையாற்றிலே காட்டினான். சம்பந்தப் பெருமான் திருக்காளத்தியில் இருந்தபடியே கயிலையைப் பாடினார், மேலே செல்லவில்லை. சுந்தரருக்கு வெள்ளை யானையே வந்தது.

நம் இளைஞர் வினாவிற்கு நேரான விடை சேரமான் பெருமாளிடத்தில் இருக்கிறது. தோழர் வெள்ளை யானைமேல் விண்ணில் செல்வதைக் கண்ட சேரர்கோன், குதிரையின் செவியில் ஐந்தெழுத்தை ஓதிப் பின்தொடர்ந்து கயிலையின் திருவாயில் வரை சென்றுவிட்டார். ஆனால் உள்ளே போக முடியவில்லை. முடிமன்னர், அதிலும் நாயன்மார், வாயிலில் தடுத்து நிறுத்தப்பெற்றார்! உள்ளே சென்ற சுந்தரர் விண்ணப்பித்த பின்னரே அழைப்பு வந்தது. அப்போதும் பெருமான் புன்முறுவலோடு, "நாம் அழையாதிருக்க நீ வந்தது எவ்வாறு?" என்று கேட்டான். சேரமான் தம் உரிமை எதனையும் பேசவில்லை. தோழரின் துணையால் வந்ததைச் சொல்லி, தாம் பாடிய உலாவைக் கேட்டருள வேண்டுமென்று பணிந்தார். அம்மலைக்கு வாயில் உண்டு; காவல் உண்டு; அரசனும் காத்து நிற்க வேண்டும் என்பது 12-ஆம் நூற்றாண்டிலேயே நம் குன்றத்தூர்ப் பெருமான் எழுதிவைத்த செய்தி. உத்தரவு கேளாமல் மலையிலே கைவைத்த இலங்கை வேந்தனின் கதையை நாம் சொல்ல வேண்டுவதில்லை.

இனி, சர்க்கார் உத்தரவின் கதை. இது தொடங்கும் இடத்தைக் கேட்டால் வியப்பீர்கள். அது இமயத்தின் அடிவாரம் அன்று; நாம் மின்சார ரயிலில் நாள்தோறும் கடந்து செல்லும் பறங்கிமலை. 1802-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் நாள் வில்லியம் லாம்டன் என்னும் ஆங்கிலப் படையதிகாரி, பறங்கிமலைக்கும் தெற்கே பெரும்பாக்கம் குன்றுக்கும் இடைப்பட்ட சுமார் 12 கிலோமீட்டர் நிலத்தை 100 அடி நீள எஃகுச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். அளந்து முடிக்க 57 நாள்கள் ஆயின. அந்தச் சங்கிலிக்கும் ஒரு கதை உண்டு. ஆங்கிலத் தூதுக்குழு ஒன்று சீனப் பேரரசருக்குக் காணிக்கையாகக் கொண்டுசென்ற பொருள்களில் அதுவும் ஒன்று; பேரரசர் கொள்ளாமையால் திரும்பி, இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது. சீனம் வேண்டாமென்ற சங்கிலி சென்னையில் நிலம் அளந்தது! அந்த அளவைப் பணிதான் முக்கோணம் முக்கோணமாக வடக்கே வளர்ந்து, அரை நூற்றாண்டில் இமயத்தை எட்டியது.

எட்டியது என்றோமே தவிர, தொடவில்லை. நேபாள அரசு ஆங்கிலேய அளவையாளரைத் தன் எல்லைக்குள் விடவில்லை. ஆகவே அவர்கள் தராய்ச் சமவெளியின் காய்ச்சல் காடுகளில் நின்று, நெடுந்தொலைவிலிருந்தே கருவியால் சிகரங்களை நோக்கி அளந்தனர். அவ்வாறு குறித்த 15-ஆம் எண் சிகரமே உலகில் உயர்ந்தது என்று 1852-இல் கணக்கிட்டவர் இராதாநாத் சிக்தார் என்னும் வங்காளியர். பின்னர், 1865-இல், அதற்கு எவரெஸ்ட் என்று ஓர் ஆங்கிலேய அதிகாரியின் பெயரைச் சூட்டினர். அம்மலையை மக்கள் தெய்வமாக வைத்து அழைத்துவந்த பெயர் கேட்பாரற்றுப் போயிற்று. உள்ளே நுழைய உத்தரவு இல்லாதவர்கள் பெயர் வைக்கும் உத்தரவைத் தாமே எடுத்துக்கொண்டனர்.

திபெத்தும் கதவடைத்திருந்தது. அங்கே வெள்ளையர் போக முடியாமையால், நம்மவரையே வேடமிட்டு அனுப்பினர். குமாவுன் மலைநாட்டு மிலம் ஊரினராகிய நயின் சிங் என்னும் பள்ளியாசிரியர், 1865-இல் புறப்பட்டு, 1866 சனவரியில் இலாசா நகரை அடைந்தார்; திரும்பும்போது மானசரோவரப் பகுதி வழியே வந்தார். அடியெடுத்து வைப்பதை எண்ணித் தொலைவு கணக்கிடுவதற்காக அவர் கையில் இருந்தது ஒரு செபமாலை. மாலைக்கு மணி 108 என்பது சிறு குழந்தையும் அறிந்தது. இந்த மாலைக்கு 100. நூறு அடிக்கு ஒரு மணி தள்ளினால் கணக்குச் சரியாக வரும் அல்லவா! மந்திரம் சுருட்டிவைக்க வேண்டிய பிரார்த்தனைச் சக்கரத்துக்குள் அளவைக் குறிப்புகள் இருந்தன. அவருடைய மன உறுதியையும் உழைப்பையும் நாம் குறைத்துப் பேசவில்லை. ஆயினும் அந்த எட்டு மணி குறைந்ததை எண்ணும்போதெல்லாம் நமக்கு நெஞ்சு உறுத்துகிறது. அடியார் கோலம் ஒற்றருக்குப் போர்வையானால், பின்னாளில் மெய்யான அடியாரையும் சோதித்துப் பார்க்காமல் எவர் உள்ளே விடுவார்? காவலர் நம் மூட்டையை அவிழ்த்துப் பார்க்கும்போது சினம் கொள்கிறோம். அதற்கு வித்திட்டது யார் என்பதையும் நினைக்க வேண்டும்.

எவரெஸ்டில் ஏறுவதற்குத் திபெத்தின் 13-ஆம் தலாய் லாமாவிடம் 1920-இல் சர் சார்லஸ் பெல் உத்தரவு பெற்றுத் தந்தார். 1921-இல் முதற்குழு சென்றது. அக்குழுவில் எரான் என்னும் நிலவியல் ஆராய்ச்சியாளர் இருந்தார். அவர் ஆங்காங்கே பாறையைத் தட்டியும் தோண்டியும் பார்த்தார். மண்ணுள் அடங்கியிருக்கும் பூதங்களை இவர் கிளப்பிவிடுகிறார் என்று திபெத்தியர் முறையிட்டனர். அடுத்த ஆண்டுக் குழுவில் அவர் சேர்க்கப்படவில்லை. 1924-க்குப் பின் வேறொரு மனக்கசப்பு நேர்ந்தது. மலையேற்றத் திரைப்படத்தோடு திபெத்தியத் துறவியரை இலண்டன் மேடையில் நடனம் ஆடச் செய்தனர். வழிபாட்டைக் காசுக்குக் காட்டினர் என்று இலாசா வருந்தியது. அதன் பின்னர் 1933 வரை எந்தக் குழுவும் எவரெஸ்டுக்குச் செல்ல இயலவில்லை. ஆடல்வல்லானை வழிபடும் நமக்கு அந்த வருத்தம் விளங்காமல் இராது.

சுதந்தர இந்தியாவில் முறைகள் வகுக்கப்பெற்றன. எல்லைப்புறத்தில் உள்கோடு என்ற ஒன்றை 1873-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே ஆங்கிலேயர் வடகிழக்கில் வரைந்திருந்தனர். அந்தக் கருத்து இமயத்தின் பிற பகுதிகளுக்கும் பரவியது. வெளிநாட்டார் செல்லத்தக்க, தகாத பகுதிகளை வரையறுத்து 1958-இல் நடுவண் அரசு ஆணை பிறப்பித்தது. வெளிநாட்டு மலையேற்றக் குழுவினர் புதுதில்லியில் உள்ள இந்திய மலையேற்ற நிறுவனத்திடம் விண்ணப்பித்து, சிகரத்திற்கென வகுத்த கட்டணத்தைச் செலுத்த வேண்டும். தொடர்பு அதிகாரி ஒருவர் உடன் செல்வார். எல்லைக்கு அருகில் உள்ள மலையானால் உள்துறை, பாதுகாப்புத்துறை, மாநில அரசு என்று பல மேசைகளைத் தாண்ட வேண்டும்.

இத்தனை மேசைகளும் தெய்வத்தின்பொருட்டு எழுந்தவை என்று நாம் மயங்க வேண்டா. எல்லையைப் பற்றிய அச்சமே பெரும்பாலும் காரணம். அது ஆதாரமற்ற அச்சமும் அன்று. 1965-இல் நந்தாதேவியின்மேல், சீனத்தின் அணுச் சோதனைகளை உளவறியும் பொருட்டு, அமெரிக்க உளவுத்துறையும் நம் உளவுத்துறையும் கூடி, மலையேறுவோர் துணைகொண்டு அணுவாற்றற் கருவி ஒன்றை நிறுவ முயன்றன. கடும் பனிப்புயலால் அதனை இடைவழியில் விட்டுத் திரும்பினர். அடுத்த ஆண்டு சென்று தேடியபோது அதனைக் காணவில்லை. 1978-இல் செய்தி வெளியாகி, பிரதமர் மொரார்ஜி தேசாய் நாடாளுமன்றத்தில் விளக்கம் அளித்தார். அம்மையின் திருமேனியாக மக்கள் தொழும் மலையில் அப்படியொரு பொருள் இன்னும் எங்கோ புதைந்து கிடக்கிறது. அன்று செபமாலை, இன்று மலையேறும் கயிறு. வேடம் மாறிற்று, செயல் மாறவில்லை. 1982-இல் நந்தாதேவி தேசியப் பூங்காவாகிச் சில நாளில் அடைக்கப்பெற்றபோது, சிகரம் ஏறும் வெளிநாட்டாரும் ஆடு மேய்க்கும் உள்ளூராரும் ஒரே ஆணையால் வெளியே நிறுத்தப்பட்டனர். மேய்த்தவன் செய்த பிழை என்ன?

இனி மகிழ்ச்சியான பகுதிக்கு வருவோம். தெய்வத்தை மதித்தே கால் நின்ற இடங்களும் உண்டு. அவ்வாறு நின்றவருள் முதல்வர் வெளிநாட்டார் என்பதைச் சைவர்களாகிய நாம் மறைக்கலாகாது. 8,586 மீட்டர் உயரமுள்ள கஞ்சன்சங்கா சிக்கிம் மக்களுக்குக் காவல் தெய்வம். 1955-இல் ஆங்கிலேயக் குழு ஒன்று நேபாளப் பக்கமாக ஏற உத்தரவு பெற்றிருந்தது. சிக்கிம் அரசர் மறுத்துரைக்கவே, உச்சியை மிதிப்பதில்லை என்று குழுத் தலைவர் சார்லஸ் எவன்சு வாக்களித்தார். மே 25-ஆம் நாள் ஜோ பிரவுன், ஜார்ஜ் பாண்டு என்னும் இருவர் உச்சிக்குச் சில அடிகளே எஞ்சிய இடத்தில் நின்றுவிட்டனர். அங்கே அவர்களைப் பார்ப்பார் ஒருவரும் இல்லை. மிதித்துவிட்டு வந்து மிதிக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். வாக்குக் கொடுத்த சொல் அவ்வுயரத்திலும் காவல் நின்றது. 1977-இல் சிக்கிம் பக்கமாக ஏறிய நம் இராணுவக் குழுவினரும் அவ்வழக்கத்தையே போற்றினர்.

நேபாளத்தில் மச்சபுச்சாரே என்று மீன்வால் வடிவில் ஒரு மலை. அது சிவபெருமானுக்கு உரியது என்பது அந்நாட்டார் நம்பிக்கை. 1957-இல் சென்ற ஆங்கிலேயர் உச்சிக்கு ஏறத்தாழ 150 அடி இருக்கையில் திரும்பினர். பின்னர் அரசே அதனை அடைத்துவிட்டது. பூடான் 2003-இல் மலையேற்றத்தையே முழுவதும் நிறுத்திவிட்டது. சிக்கிமில் 2000-இல் ஆஸ்திரியக் குழு ஒன்று கட்டணம் கட்டிக் கஞ்சன்சங்காவில் ஏற வந்தபோது பௌத்த மக்கள் கிளர்ந்தெழுந்தனர். அடுத்த ஆண்டே மாநில அரசு அம்மலையையும் வேறு சில சிகரங்களையும் வழிபாட்டிடங்கள் என்று கொண்டு, ஏறுவதைத் தடைசெய்தது. சட்டப் புத்தகத்தில் மலை கோயிலாயிற்று! இதை வாசித்த அன்று நாம் எழுந்து நின்று வடதிசை நோக்கிக் கைகூப்பினோம்.

ஆயின் மறுபுறத்தையும் சொல்ல வேண்டும். கங்கோத்திரிக்கு மேலே, கோமுகத்தின் அருகில், சிவலிங்கம் என்னும் பெயருடைய 6,543 மீட்டர்ச் சிகரம் இருக்கிறது. அதன் உச்சியை 1974-இல் முதன்முதல் மிதித்தவர் வெளிநாட்டார் அல்லர். நம் இந்தோ-திபெத்திய எல்லைக் காவல் படையினர். பின்னர் வெளிநாட்டுக் குழுக்களும் உத்தரவு பெற்று ஏறின. நேபாள எல்லையில் உள்ள கௌரிசங்கரம் நெடுநாள் அடைக்கப்பட்டிருந்து, 1979-இல் திறக்கப்பெற்று, அவ்வாண்டே ஏறப்பட்டது. அம்மையப்பர் பெயரைத் தாங்கிய மலைக்கு நேர்ந்ததைக் குறித்துத் தமிழ்நாட்டில் எவரேனும் வருந்தியதாக நாம் கேட்டதில்லை.

கயிலையின் நிலை தனி. 6,638 மீட்டர் என்பது எவரெஸ்டோடு ஒப்பிட உயரமே அன்று. ஆயினும் எவரும் உச்சியில் கால் வைத்ததில்லை. 1980-களில் புகழ்பெற்ற மலையேறியாகிய இரெயினோல்டு மெசுனருக்கு வாய்ப்புக் கிடைத்தும் அவர் மறுத்துவிட்டார். 2001-இல் இசுபானியக் குழு ஒன்றுக்கு உத்தரவு கிடைத்துவிட்டது என்ற செய்தி பரவியபோது பல நாட்டாரும் எதிர்த்தனர். அப்படி எந்த உத்தரவும் தரவில்லை என்று சீன அரசு அறிவித்தது. உச்சிக்குப் போக எவருக்கும் உத்தரவில்லை என்பதில் இன்று அரசும் அடியாரும் ஒன்றுபட்டிருக்கின்றனர்.

வலம் வருவோர் கதையோ வேறு. கயிலையில் நாம்தாம் வெளிநாட்டார் என்பதை மறந்துவிடுகிறோம். 1954-ஆம் ஆண்டு ஏப்ரலில் இந்தியாவும் சீனமும் செய்த உடன்படிக்கையில், நம் நாட்டு யாத்திரிகர் வழக்கப்படி கயிலைக்கும் மானசரோவரத்துக்கும் சென்று வரலாம் என்று எழுதினர். 1962-இல் உடன்படிக்கை காலாவதியாயிற்று, போரும் வந்தது. கதவு அடைபட்டது. மீண்டும் 1981-இல்தான் திறந்தது. 1998 ஆகஸ்டில் மால்பாவில் மலை சரிந்து யாத்திரிகர் பலர் மாண்டனர். 2015-இல் சிக்கிமின் நாதுலா வழி திறந்தது. 2017-இல் எல்லைத் தகராற்றால் அவ்வழி நின்றது. 2020 முதல் 2024 வரை எவ்வழியும் இல்லை. 2025 சூனில் மறுபடி தொடங்கிற்று. அவ்வாண்டு 750 பேருக்கு இடம் வகுத்தனர். விண்ணப்பித்தோருள் கணிப்பொறி குலுக்கி எடுக்கும். வயது 18 முதல் 70 வரை. மருத்துவச் சோதனை உண்டு.

அந்தச் சோதனை நமக்கும் நேர்ந்தது. ஓராண்டு குலுக்கலில் நம் பெயர் வந்தது. தாம்பரம் அன்பர்கள் இரயிலடி வரை வந்து மாலையிட்டு வழியனுப்பினர். தலைநகரில் மருத்துவர் இரத்த அழுத்தத்தை இருமுறை அளந்து பார்த்து, "நீங்கள் போக இயலாது, பெரியவரே" என்றார். 40 ஆண்டுகளாகக் கயிலையைப் பேசி உண்ட வாய் இது. அன்று அது மருத்துவரிடம் கடுஞ்சொல் சொல்லிற்று. அவர் மறுமொழி கூறவில்லை. காகிதத்தில் எழுதி நம் கையில் கொடுத்தார். இரயிலில் திரும்பும்போது அப்பரடிகள் திரும்பியதை நினைத்து மனத்தைத் தேற்றிக்கொள்ள முயன்றோம். உண்மையைச் சொன்னால், தேறவில்லை. அவர் திரும்பியது பெருமானைக் கண்டு. நாம் திரும்பியது ஒரு காகிதத்தோடு. வந்து சேர்ந்த நாளில் மாலையிட்ட அன்பர்கள் முகத்தில் விழிக்க நாணி, வேளச்சேரியில் உறவினர் இல்லத்தில் இரண்டு நாள் தங்கிவிட்டுப் பின்னரே ஊருக்குள் வந்தோம்.

அவ்வாறு மறைந்திருந்து திரும்பிய மாலையில்தான் திரிசூலம் சென்றோம். திருச்சுரம் என்று கல்வெட்டிற் பெயர் பெற்ற பழந்தலம். நான்கு குன்றுகளின் நடுவே திரிசூலநாதர் திரிபுரசுந்தரியோடு எழுந்தருளியிருக்கிறார். அந்தக் குன்றுகளை நான்கு வேதங்கள் என்று பெரியோர் சொல்வர். பிரதட்சிணம் வருகையில் ஏறிட்டு நோக்கினோம். குன்றின் விலா வெட்டப்பட்டுக் கிடந்தது. இந்த வட்டாரத்துக் கல்லுக்கு நெடுநாள் கிராக்கி. கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைமேல் உள்ள கல் பல்லாவரப் பக்கத்துக் கல். நிலவியல் துறையைச் சேர்ந்த ஆலந்து என்பவர் அதனை ஆராய்ந்து அவ்வினப் பாறைக்குச் சார்னகைட்டு என்று பெயரிட்டார். எவரெஸ்டு வழியில் பாறையைத் தட்டியதற்காகத் திபெத்தியர் எதிர்த்தனரே, அந்த எரானும் இதே துறையினர். அங்கே ஒருவர் சுத்தியலால் தட்டியதற்கே மக்கள் பொறுக்கவில்லை. இங்கே வேதமலைகளை வெடி வைத்துப் பிளந்தபோதெல்லாம் குத்தகை இருந்தது, முத்திரை இருந்தது, உத்தரவு இருந்தது. கோபுரவாசலில் நின்று நாமும் கயிலையின் பெருமையைப் பேசிக்கொண்டிருந்தோம். ஒரு விண்ணப்பமும் எழுதவில்லை.

மறுநாள் விரிவுரையில் இவ்வளவும் சொல்லி, "தம்பி, உச்சிக்கு உத்தரவு சாமி கொடுப்பதில்லை, அதைச் சர்க்கார் ஏற்றுக்கொண்டிருக்கிறது. வாயில்வரை செல்லச் சர்க்கார் உத்தரவு வேண்டும்; அதற்குமேல் சேரமானைப்போல் நிற்க வேண்டியதுதான்" என்றோம். அவர் விழா முடிந்தபின் நம்மிடம் வந்து, "ஐயா, விண்ணப்பத்தை இனி நான் கணிப்பொறியில் நிரப்பித் தருகிறேன், மாத்திரையை மட்டும் ஒழுங்காகச் சாப்பிடுங்கள்" என்றார். நமக்கு வயது 68. அவர் சொன்னபடி காலையில் திருநீறு அணிந்ததும் மாத்திரையும் உண்டு வருகிறோம்.

திருச்சிற்றம்பலம்